பில்லுல இருபத்திரண்டு, ஸ்கிரீன்ல பன்னெண்டு

இல்ல சார், நீங்க திருடின்னு சொல்லல. அத ஒத்துக்கிறேன். டீ டைம்ல, பேக்கிங் ஹால்ல, எல்லாரும் கிளாஸோட நிக்கறப்ப நீங்க கேட்டது வேற. பில்லுல இருபத்திரண்டு, ஸ்கிரீன்ல பன்னெண்டு, நடுவுல இருந்த காசு எங்க போச்சு ஜீவான்னு கேட்டீங்க. அதுக்குத் தமிழ்ல இன்னா பேருன்னு நீங்களே சொல்லுங்க.

கோவத்துல வந்துடுச்சா? சரி. தண்ணி குடிங்க. கேன் தண்ணிதான், பயப்படாதீங்க.

தெரியும், அளவு மிஷின் நின்னுடுச்சு. பேக்கிங் பொண்ணுங்க ஃபோன் பண்ணாங்களே. தோலு இந்தப் பக்கம் போவுது, அந்தப் பக்கம் வருது, இத்தன சதுர அடின்னு ஸ்டிக்கர் மட்டும் வரல. ஸ்டிக்கர் இல்லாம கன்டெய்னர்ல ஏத்த முடியாது. இல்லன்னா முதலாளி மருமகன் நீங்க இந்தத் தெருவுக்கு வருவீங்களா?

வர மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? வரேன். மொதல்ல ஒக்காந்து கேளுங்க.

உங்கள நான் ஒண்ணும் பெருசா குத்தம் சொல்லல தபரேஸ் சார். நீங்க தோல் வியாபாரத்துல வளந்தவரு. மொத ரகம்னு பில்லு போட்டுட்டு உள்ள மூணாம் ரகத்த சுருட்டி அனுப்பற ஆளுங்கள எத்தன பேர பாத்திருப்பீங்க. பில்லுல ஒண்ணு, உள்ள ஒண்ணு, அப்ப நடுவுல எவனோ துன்னுட்டான். உங்க கண்ணு அப்படியே பழகிடுச்சு. சாஃப்ட்வேரும் தோலுன்னு நெனச்சிட்டீங்க. துபாய்ல படிச்ச எம்பிஏ இன்னாத்துக்கு ஆச்சுன்னுதான் தெரியல.

சொல்றேன், சொல்றேன். அளவு மிஷின ஓட்ட நான் பாத்துக்கினு இருந்த பழைய சர்வர் கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சில்ல? அத ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேரோட லைசென்ஸ் அந்தப் பொட்டியோட சேத்து வித்தது. பொட்டி போனா அதுவும் போச்சு. உங்க மாமனார், பெரிய சாரே கேட்டாரு, டிஸ்க் கையில இருக்கே ஜீவா, புது பொட்டியில போட்டா இன்னான்னு. போடக்கூடாது சார்னேன். டிஸ்க் இருக்கறது வேற, உரிமை இருக்கறது வேற. அதான் புது லைசென்ஸ், ரெண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷ வெர்ஷன், மொறையா வாங்கினேன். பழசு இப்ப விக்கறதே இல்ல.

ஆனா அளவு மிஷினோட புரோகிராம் பழசுலதான் ஓடும். அத எழுதின இத்தாலிக் கம்பெனியே இப்ப கெடையாது. அப்ப இன்னா பண்றது? புதுசுக்கு லைசென்ஸ் வாங்கினா, அதுக்குப் பதிலா பழைய வெர்ஷன ஓட்டிக்கலாம். அந்த உரிமையும் லைசென்ஸ்லயே எழுதியிருக்கு. பழைய டிஸ்க்க வச்சு ரெண்டாயிரத்துப் பன்னெண்டாம் வருஷ வெர்ஷன ஏத்தினேன். அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராதுன்னு நெட்டே குடுக்காம தனியா வச்சேன்.

புரியலயா? தலைய மட்டும் ஆட்டாதீங்க. ஆம்பூர்ல சென்னைக்கு டிக்கெட் எடுக்கறீங்க. காட்பாடியிலயே எறங்கிடறீங்க. டிடிஆர் புடிப்பாரா? மாட்டாரு. காட்பாடிக்கு டிக்கெட் எடுத்துட்டு சென்னை வரைக்கும் போனாத்தான் புடிப்பாரு. நான் சென்னைக்கு எடுத்து காட்பாடியில எறங்கினவ. இதுல இன்னொரு வசதியும் இருக்கு. ரயில்ல எறங்கினா டிக்கெட் காலி. இதுல எப்ப வேணா மறுபடி ஏறி சென்னைக்குப் போலாம், வேற டிக்கெட் வேணாம்.

அப்பவே சொல்லியிருக்கலாமா? எங்க விட்டீங்க? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள செக்யூரிட்டிய கூப்பிட்டு என் பையத் தொறந்து காட்டச் சொன்னீங்க. உள்ள டிபன் பாக்ஸும் கொடையும் இருந்துச்சு.

அதோட விட்டீங்களா? உங்க தோஸ்த் ஒருத்தர கூட்டியாந்து இருபத்திரண்ட ஏத்தினீங்க. மிஷின் நின்னுச்சு. பேஜாராயி, பழச எடுத்து அக்கவுண்ட்ஸ்ல இருக்கற பொட்டியில ஏத்தினீங்க. அதுவும் மிஷினோட பேச மாட்டேங்குது, அப்படித்தானே? இப்ப ஒரே லைசென்ஸ், ரெண்டு பொட்டியில ஓடுது. ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேரு. கம்பெனியில இப்பத்தான் சார் மொத மொத திருட்டு நடக்குது. உங்க பைய யாரு தொறந்து பாக்கறது?

சரி விடுங்க. சம்பளம் ஜாஸ்தி பண்றீங்களா? வேணாம். மன்னிப்பு லெட்டரும் வேணாம். நான் சொன்னத நீங்க ஒரு தடவ சொல்லுங்க, அது போதும்.

ம்... ம்... இல்ல சார், பழசு வாங்கி புதுச ஓட்டல. உல்ட்டா. மறுபடி. ஆங், இப்ப சரி. காட்பாடிய மறந்துடாதீங்க, அவருக்கு அது சொன்னாத்தான் புரியும்.

யாருக்கா? ஃபேக்டரிக்குப் போறதுக்கு முன்னாடி குடியாத்தம் ரோட்டுல ஒரு வீட்டுக்குப் போறோம். உங்க ஃபினிஷிங் சூப்பர்வைசர் தேவசகாயம் வீடு. அன்னிக்கு டீ கிளாஸோட அவரும் நின்னாரு. அவரு பையன் ஆல்வினுக்குத்தான் என்னப் பேசி வச்சிருந்தாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முன்னாடி சர்ச்சுல மூணு ஞாயிறு பேர வாசிப்பாங்க, ஓலைன்னு; எங்க ஓலைய ஒரு ஞாயித்துக்கெழம வாசிச்சாச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம பாட்டுப் புஸ்தகத்த வச்சிக்கினு நிக்கறேன், போதகர் வேற எல்லார் பேரும் வாசிச்சாரு. எங்க பேரு வரல. எங்க அம்மா அதுக்கப்புறம் சர்ச்சுக்கே போவல.

ஐயோ, கல்யாணத்த நடத்தி வைக்க நான் உங்கள கூப்பிடல சார். ஒருத்தர் வாயில வந்தத கேட்டுட்டு, ஒரு ஃபோன் கூட பண்ணாம ஓடிப்போன வீட்டுல நான் போயி இன்னா பண்றது? நீங்க வெளக்கமா சொல்லணும். அவங்களுக்கு வெக்கம் வரணும். அப்பாவும் புள்ளையும் இங்க வந்து எங்க அம்மாகிட்ட, தெருவே பாக்க, மறுபடி பொண்ணு கேக்கணும். அப்ப வேணாம்னு நான் சொல்லணும்.

கெளம்பலாம். அங்க கொஞ்சம் சத்தமா பேசுங்க. மிஷின் சத்தத்துலயே இருந்து அவருக்குக் காது மந்தம். அன்னிக்கு நீங்க சொன்னது மட்டும் நல்லா கேட்டுச்சு.