எழுத்துத் தேர்வில் பதினேழு

பெயர் இருதயநாதன், வயது 54, த/பெ சவரிமுத்து (காலமானவர்), மாதா கோயில் தெரு, பொன்மலைப்பட்டி, திருச்சிராப்பள்ளி. தொழில்: சத்திரம் பேருந்து நிலையம் அருகில் ஒரு மாடியில் டுடோரியல் நடத்துகிறேன். இன்று காலை பத்தரை மணிக்கு யாரும் கூப்பிடாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் முன் சொல்வதாவது:

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர்கள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத, இருபத்தெட்டு வருடமாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இந்த வழக்கில் சிக்கியிருக்கும் மட்டுவார்குழலி என்னிடம் படித்தவர். வயது 39, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் மகள் கனிஷ்காவுடன் வாடகைக்கு இருக்கிறார், சின்னக்கடை வீதி ஜவுளிக்கடை ஒன்றில் சேலை எடுத்துப் போடும் வேலை. அவர் கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் டிரைவராக இருந்து பணியிலேயே இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் அவருக்கு அங்கே பதிவறை எழுத்தர் வேலை கிடைக்க வழி இருந்தது. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும், கணவர் இறந்து மூன்று வருடத்துக்குள், அதாவது சென்ற ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குள், சான்றிதழோடு மனு கொடுத்தாக வேண்டும். அவர் ஒன்பதாவதோடு நின்றவர்.

தினமும் காலை ஆறு மணிக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவார், எட்டரை வரை படித்துவிட்டு அப்படியே கடைக்குப் போவார். ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. கணக்குதான் அவருக்கு ஏறவில்லை. பிப்ரவரியில் அறிவியல் செய்முறைத் தேர்வு நடந்து, எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்ததாக வந்து சொன்னார். அதன் பிறகு நான் அவரிடம், "ஏம்மா, செய்முறைல இருபதுக்குக் குறையாது. எழுத்துல பதினஞ்சு எடுத்தா மொத்தம் முப்பத்தஞ்சு, பாஸ். அறிவியலை மூடி வெச்சுட்டு கணக்கைப் பாரு" என்று சொன்னேன். அப்போது எங்கள் டுடோரியலில் பாடம் எடுத்து வந்த லின்சி, எழுத்துத் தேர்வில் தனியாக இருபது வாங்க வேண்டும், மொத்தம் எவ்வளவு வந்தாலும் அது இல்லாவிட்டால் ஃபெயில் என்று சொன்னார். பிள்ளைகள் முன்னால் அவர் என்னைத் திருத்தியது எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை வருஷமா நான் பார்க்காத பரீட்சையா?" என்று கத்தினேன். விதிமுறைத் தாள் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் யானையும் இல்லை, வெறும் தலைக்கனம். மட்டுவார்குழலி அன்றோடு அறிவியல் புத்தகத்தைத் தொடவில்லை.

எங்கள் டுடோரியலில் எல்லா விண்ணப்பத்திலும் என் செல் நம்பரைத்தான் போடுவோம், ரிசல்ட் முதலில் எங்களுக்கு வரவேண்டும் என்பதற்காக. மே மாதம் ரிசல்ட் அன்று காலை எனக்கு மெசேஜ் வந்தது. கணக்கில் முப்பத்தொன்பது, அறிவியலில் மொத்தம் நாற்பத்திரண்டு. மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு உடனே கடைக்குப் போன் போட்டு, "பாஸ்மா!" என்றேன். கூட வேலை பார்க்கும் பெண்கள் கைதட்டியது எனக்குப் போனில் கேட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டரில் மதிப்பெண் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். செய்முறை இருபத்தைந்து, எழுத்து பதினேழு, தேர்ச்சி பெறவில்லை என்று இருந்தது.

மதியம் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு, லட்டும் எனக்கு ஒரு வேட்டியும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். அந்தப் பெண், "அம்மா இனிமே ஆபீஸ் போவாங்க சார்" என்று சொல்லி லட்டை நீட்டினாள். வாங்கித் தின்றேன். அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க அப்போது இன்னும் நாள் இருந்தது, ஜூலையில் பரீட்சை, அந்த மாதக் கடைசியில் ரிசல்ட். தேவைப்பட்டது மூன்றே மூன்று மதிப்பெண். ஒரே மாதத்தில் வாங்கியிருப்பார், ஆகஸ்டுக்குள் சான்றிதழ் கையில் இருந்திருக்கும். சொன்னால் என் தப்பு வெளியே வரும், லின்சி முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் நான் யோசித்தேன். இவ்வளவு பெரிய பாவத்துக்கு இவ்வளவு அற்பமான காரணம்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, நான் மட்டும் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பதினேழை இருபத்திரண்டாகவும் நாற்பத்திரண்டை நாற்பத்தேழாகவும் மாற்றி, தேர்ச்சி என்று போட்டு பிரிண்ட் எடுத்தேன். போனில் நாற்பத்திரண்டு என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு வாசலில் அவர் போட்டோ போட்டு ஃபிளெக்ஸும் வைத்தேன். லின்சி அதை நின்று பார்த்தார், அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

மட்டுவார்குழலி அந்தத் தாளோடு ஜூன் மாதமே மனு கொடுத்தார். அலுவலகத்தில் உண்மைத்தன்மை சரிபார்க்க அனுப்பி, போலி என்று பதில் வந்து, அவர் மீது புகார் ஆனது. நேற்று முன்தினம் என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது அவர் உதவி ஆய்வாளரிடம், "எங்க சார் அப்படிப்பட்டவரு இல்லைங்க. பரீட்சை ஆபீஸ்லயே யாரோ மார்க்கை மாத்தி ஏத்திட்டாங்க, என் பேப்பரைத் தேடிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டதற்கு, எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் முன்னாலேயே சொன்னேன். வெளியே வரும்போது அவர், "எனக்காக அலையறீங்களே, சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போலித் தாளைத் தயாரித்தது நான் ஒருவனே. அந்தக் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் ஆட்டோவில் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். அவர் மனுவுக்கான கெடு முடிந்துவிட்டது. நான் உள்ளே போவதால் அந்த நாள் திரும்பி வராது என்பதும் தெரியும். அவர் மேல் உள்ள வழக்கை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார், நானும் கண்ணாடி போட்டுப் படித்தேன். யாருடைய மிரட்டலும் தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை, நடந்தவை. முதலில் எழுதிய படியில் "மட்டுவார்குழலி கேட்டுக்கொண்டதன் பேரில் மேற்படி தாளைத் தயாரித்தேன்" என்று வழக்கமான வாசகம் இருந்தது. அந்த வரியை நான் சொல்லி அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பாடம் மட்டும்தான் கேட்டார்.

(ஒப்பம்) ச. இருதயநாதன்