அரை இறக்கை

இல்லம்மா, வலிக்காது. சும்மா தொட்டுத்தான் பாத்தேன். போதும் பாப்பா, போய் அடுப்புப் பக்கத்துல உக்காரு. தட்டுல வால்நட் இருக்கு, எடுத்துக்க. நீ கதவை நல்லாச் சாத்திட்டு வாம்மா, குளிரு உள்ள வருது. குளிரு மட்டும் இல்ல, எங்க மூத்த சீடர் லுவான் அண்ணன் இந்தப் பக்கமா வந்தாலும் வருவாரு. நாளன்னிக்கு எங்க தாய்ச்சி வித்தை மன்றத்துல விழான்னு காலையிலேருந்து தெருத்தெருவா அலையுறாரு மனுஷன். எழுபத்தி மூணு வயசு, கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போ.

தெரியும், தெரியும். ஒண்ணாந் தேதி மன்றத்துல பாப்பாவை எங்க வாத்தியார் நாற்காலியில உக்கார வைக்கணும். மூணாந் தேதி பெரிய ஆஸ்பத்திரியில கட்டில் ஒதுக்கியிருக்காங்க. ரெண்டுல எதுக்குப் போறதுன்னு நீ கேக்கறது இது மூணாவது தடவை. பதில் சொல்லாம போக மாட்டேன். ஆனா என்னை நேராச் சொல்லச் சொல்லாத. நேராப் பேசத் தெரிஞ்சிருந்தா எனக்கு இந்த நிலைமையே வந்திருக்காது. டீ குடி.

எங்க வாத்தியாரை நீ பாத்ததில்ல. இந்த ஊருக்கு நீ வந்து பூங்கா வாசல்ல கிழங்கு சுட ஆரம்பிச்சதே நாலு வருஷமாத்தானே. அவரு போய்ப் பத்து வருஷம் ஆச்சு. ஃபெங் வாத்தியார்னா இந்த மாவட்டத்துல தெரியாத ஆளு கிடையாது. ஆளைப் பாத்தா வித்தைக்காரர்னே சொல்ல முடியாது. வினிகர்க் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி இருப்பாரு. கிட்டப் போய்க் கையைத் தொட்டாத்தான் தெரியும், தொட்ட இடத்துல ஆளே இருக்க மாட்டாரு. நீ தள்ளுவே, அங்க ஒண்ணும் இருக்காது, நீயே போய்க் குப்புற விழுவே. அப்படி ஒரு தாய்ச்சி.

நாங்க விடிகாலையில ஆத்தோரம் ஆடுறதைத்தான் தினமும் பாக்கறியே. அதுல கொக்கு இறக்கை விரிக்கிற மாதிரி ஒரு நிலை வருமே, வலது கையைத் தூக்கி. எங்க ஆளுங்க எல்லாரும் நெஞ்சு வரைக்கும்தான் தூக்குவாங்க. அதுக்கு மேல போகாது. அரை இறக்கைன்னு பேரு. எங்க வழிக்கு அடையாளமே அதுதான். அக்கரைக்காரங்க இருக்காங்களே, பாலத்துக்கு அந்தப் பக்கம், அவங்க காதுக்கு மேல தூக்குவாங்க. அவங்களை நாங்க என்ன பேச்சுப் பேசியிருக்கோம் தெரியுமா. போலின்னு சொல்லியிருக்கோம். பஸ் நிறுத்தக் கை காட்டுறவன்னு சொல்லியிருக்கோம். ஒரு தடவை அந்தப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் எங்க ஆளுங்க ரெண்டு பேரை வலது பக்கமாவே புகுந்து தூக்கிப் போட்டான். எப்படிப் போடாம இருப்பான்? வலது பக்கம் திறந்த வீடு மாதிரிக் கிடக்கு. அதுக்கும் நாங்க, அவன் முரட்டு பலத்தைக் காட்டுறான், அதெல்லாம் வித்தையில சேராதுன்னு சொல்லிட்டு மீசையில மண் ஒட்டலைன்னு வந்துட்டோம்.

சிரிக்காதம்மா. சரி, சிரி. சிரிக்கத்தான் வேணும்.

ஏன் பாதியில நிக்குதுன்னு கேட்டு மாகாணத் தலைநகரத்துலேருந்து கேமராவோட ஆளுங்க வந்தாங்க. விளக்கம் சொன்னது யாரு? நான்தான். நிறைஞ்ச பாத்திரம் சிந்தும், நிறையாததுக்குத்தான் போக இடம் இருக்கு, அதனால தாவோங்கிற பெரிய வழி எப்பவும் ஒரு படி கீழேயே நிக்கும், எங்க வாத்தியார் கையும் அங்கதான் நிக்கும்னேன். அவங்களோட வந்த பொண்ணு ஒண்ணு எழுதிக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிச்சு. இப்ப மன்றத்துச் சுவத்துல அதைப் பெரிய எழுத்துல எழுதி மாட்டியிருக்காங்க. நான் தினமும் அதுக்குக் கீழதான் செருப்பைக் கழட்டறேன்.

இரு, வரேன், பாப்பா விஷயத்துக்குத்தான் வரேன்.

போன வசந்தத்துல உன் பொண்ணு எங்க வரிசைக்குப் பின்னால நின்னு ஆடுச்சே, ஞாபகம் இருக்கா? நீ கிழங்கு அடுப்புக்குக் கரி போட்டுக்கிட்டிருந்தே. நாங்க திரும்பற நிலையில எல்லாரும் திரும்பினோம். திரும்பினா, முழங்கால் உயரத்துக்கு ஒரு பொடிசு. கால் அழகா வைக்குது. இறக்கை வந்துச்சு. வலது கை நெஞ்சு வரைக்கும் வந்துச்சு, நின்னுடுச்சு. வாத்தியாருக்கு நிக்கிற அதே இடம். முழங்கை லேசா உள்ள விழுந்து, தோள் கொஞ்சம் இறங்கி. முந்நூறு பேர் அதை முப்பது வருஷமாக் கத்துக்கிட்டும் எவனுக்கும் அந்த இறக்கம் வரல. உன் பொண்ணுக்கு வந்துச்சு. லுவான் அண்ணன் அப்படியே மண்ணுல மண்டி போட்டுட்டாரு. வாத்தியாரே, பொம்பளப் புள்ளையா வந்திருக்கீங்களேன்னு ஒரே அழுகை. பின்னால ஒருத்தன், அவரு வீட்டம்மா இருந்த வரைக்கும் அவரைப் பேச விடல, இந்த ஜென்மத்துலயாவது பேசட்டும்னு பொம்பளையாப் பொறந்திருப்பாருன்னான்.

அப்புறம் அந்தக் கெண்டி விஷயம். அஞ்சு மண் டீக்கெண்டியை மேசையில வெச்சு, உன்னோடது எதும்மான்னு கேட்டாங்க. வாத்தியாரோட சின்னக் கெண்டியை எடுத்துச்சு. மன்றமே ஆடிப்போச்சு. ஏம்மா, ஆறு வயசுப் புள்ள முன்னால அஞ்சு கெண்டியை வெச்சா சின்னதைத்தான் எடுக்கும். வேற எதை எடுக்கும்? எனக்கு அப்பவே தெரியும். வாயைத் திறந்தேனா? இல்ல.

மலைக்கோயில் தாவோ சாமியார்கிட்டயும் போய்க் கேட்டாங்க. அவரு வெந்நீர்ல காலை ஊறப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வாத்தியார் திரும்பி வந்திருக்காரா சாமின்னு கேட்டா, வந்திருந்தா விடுங்கப்பா, இந்தத் தடவையாவது மனுஷன் நிம்மதியா விளையாடட்டும்னாரு. லுவான் அண்ணனுக்குக் காதுல விழுந்தது வந்திருந்தாங்கிற ஒரே வார்த்தைதான். சாமியாரே ஒத்துக்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். பள்ளிக்கூடச் செலவு நாங்க பாத்துக்கறோம், மன்றத்துப் பின்கட்டுல நீங்க ரெண்டு பேரும் தங்கிக்கலாம். ஆனா கையை மட்டும் யாரும் தொடக் கூடாது. தொட்டா அடையாளம் போயிடும், வாத்தியார் உயிர் போயிடும். அதானே சொன்னாங்க?

போகாதும்மா. உயிர் என்ன தோள்பட்டையிலயா குடியிருக்கு?

எலும்பு வைத்தியனா நான் சொல்றதைக் கேளு. நாப்பது வருஷமா இந்த ஊரு மூட்டுங்களைத் தொட்டுக்கிட்டிருக்கேன். உன் பொண்ணுக்கு எலும்புல ஒண்ணும் இல்ல. பொறக்கறப்ப தோள் மாட்டிக்கிச்சு, இழுத்தாங்க, கழுத்துலேருந்து கைக்கு வர்ற நரம்பு நைஞ்சு போச்சு. டாக்டரும் அதானே சொன்னாரு? ஏழு வயசுக்குள்ள வெட்டிச் சரி பண்ணினா கை தோளுக்கு மேல போறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போட்டா மூட்டு கோணலாவே முத்திப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து நான் எண்ணெய் தேய்ச்சு என்ன ஆகப்போவுது?

ஐயோ, நீ எதுக்கும்மா அழறே? நான் சரியா முக்கலையோ, நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணுமோன்னு ஆறு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கியா? அது உன் தப்பு இல்ல. தப்புன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உன்னோடது அது இல்ல.

என்ன? வாத்தியாருக்கும் அப்படியே இருந்துச்சே, அவருக்குப் பிறவியிலேயே இருந்து, இவளுக்கும் பிறவியிலேயே இருந்தா, அது வெறும் தற்செயலான்னு கேக்கறியா? நல்ல கேள்விதான். மன்றத்துல ஒருத்தன்கூடக் கேக்கல பாரு.

அவருக்குப் பிறவியில இல்லம்மா. அம்பத்திரண்டு வயசு வரைக்கும் அந்தக் கை அக்கரைக்காரங்க மாதிரி காதுக்கு மேலதான் போச்சு. நான்தான் உடைச்சேன். குடு அந்தக் கிளாஸை, ஆறிப்போச்சு, வேற ஊத்தித் தரேன்.

ஆமா. நான்தான்.

பன்னண்டாம் மாசம். முந்தின நாள் அவரு பொறந்த நாளுன்னு எல்லாரும் நூடுல்ஸ் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிச்சதும், எனக்கு அப்புறம் வித்தையைக் கையால எழுதி வெச்ச புத்தகம் லுவானுக்குன்னு சொல்லிட்டாரு. லுவான் அண்ணனுக்கு! அவருக்கு அப்ப எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எனக்கு வயிறு எரிஞ்சுது. விடிகாலையில நானும் அவரும் மட்டும் முற்றத்துல கை தொட்டுப் பழகுவோம். மணிக்கட்டோட மணிக்கட்டை வெச்சு, பலமே போடாம, எதிராளி எங்க போறான்னு தோலாலயே தெரிஞ்சுக்கிறது. அதுல என்னன்னா, கையை எதிராளிகிட்டக் கொடுத்துடணும். முழுசாக் கொடுத்தவனைத் தள்ள முடியாது. அவரு கொடுத்தாரு. அந்தக் கை என் கையில இருந்துச்சு. அப்பவே எனக்கு எலும்பு வைத்தியம் பாதி தெரியும். தோள் மூட்டு எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு தெரியும். போகக் கூடாத பக்கமாத் திருப்பினேன்.

கத்தல. தரையில உக்காந்துட்டாரு. கட்டுடான்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி ஆச்சுன்னு கேப்பாங்கன்னு நினைச்சாரோ என்னமோ. அவரு முகத்தைப் பாக்காம அவசரமாச் சுத்தினேன். கோணலாக் கட்டினேன். உடைச்சதும் நான், கோணலாக் கட்டினதும் நான். குழாயடியில பனிக்கட்டி வழுக்கிடுச்சுன்னு வீட்டம்மாகிட்டச் சொன்னது அவரு.

அப்புறம் அவரு கை பாதியில நின்னுச்சு. புதுசா வந்தவங்க அதைப் பாத்துக் கத்துக்கிட்டாங்க. பழைய ஆளுங்க, வாத்தியார் வித்தையை ஆழமா மாத்திட்டாருன்னு அவங்களும் இறக்கிக்கிட்டாங்க. ஏன் வாத்தியாரே பாதியில நிக்குதுன்னு யாராவது கேட்டா, அவரு மோவாயால என்னைக் காட்டுவாரு. அவனைக் கேளுங்க, அவனுக்குத் தெரியும்பாரு. முதல் தடவை நான் வாசல் பக்கமா நகந்தேன். காட்டிக் கொடுக்கப்போறாருன்னு நினைச்சேன். இல்லம்மா. சும்மாக் காத்துக்கிட்டு இருந்தாரு. நான் நிறைஞ்ச பாத்திரம், தாவோன்னு அளந்தேன். கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. இருபத்தெட்டு வருஷத்துல எத்தனை தடவை! ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வழி விட்டாரு. ஒவ்வொரு தடவையும் நான் முந்தினதைவிட அழகாப் பொய் சொன்னேன்.

பின்ன எதுக்கு இவதான் வாத்தியார்னு நான் ஒத்துக்கிட்டேன்னா? கேளு, நீ கேக்கணும். அன்னிக்கு இவளைக் கூட்டிக்கிட்டு வந்து, வைத்தியரே பாருங்கன்னாங்க. தொட்ட உடனே விரலுக்குத் தெரிஞ்சுபோச்சு, நரம்புதான்னு. சொல்ல வாயெடுத்தேன். இவ அந்தக் கையை அப்படியே என் உள்ளங்கையில விட்டுட்டா. பயம் இல்ல, பிடிச்சு வெச்சுக்கல, முழுக் கனமும் என்கிட்ட. வாத்தியாருக்கு அப்புறம் யாரும் எனக்குக் கையை அப்படிக் கொடுத்ததில்லம்மா. மனுஷன் திரும்பி வந்து, இந்தாடா, இப்பவாவது சரியாக் கட்டுன்னு நீட்டின மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேன். வைத்தியருக்கே அடையாளம் தெரிஞ்சுபோச்சுன்னு லுவான் அண்ணன் கத்தினாரு. நான் மறுக்கல. அவரா இருந்தா நல்லா இருக்குமேன்னு எனக்கு ஆசை. செத்தவர்கிட்ட மன்னிப்புக் கேக்க முடியாது. ஒரு குழந்தைகிட்டயாவது கேக்கலாமேன்னு நினைச்சேன். உன் புள்ளையோட கையை வெச்சு என் பாவத்தைக் கழுவப் பாத்தேன், அவ்வளவுதான்.

அவரா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. அவரா இருந்தா, இந்த ஜென்மத்துலயும் அந்தக் கையை நான் முடக்கிப் போடக் கூடாது. அவரு இல்லைன்னா, அது உன் பொண்ணு கை, எங்களுக்கு அதுல என்ன பாத்தியதை? ரெண்டு பக்கம் பாத்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். நாளைக்கு ஏழே காலுக்கு பஸ் இருக்கு. கட்டில் மூணாந் தேதிக்குத்தான்னா என்ன, மூணு நாள் முன்னால போய் உன் அக்கா வீட்டுல இரு. இங்க இருந்தா அழுது அழுது உன் மனசை மாத்திடுவாங்க.

நானா? நான் இப்ப மன்றத்துக்குப் போறேன். எல்லாரும் தோரணம் கட்டிக்கிட்டு இருப்பாங்க. அந்தச் சுவத்துக்கு முன்னால நின்னு உன்கிட்டச் சொன்னதை அப்படியே சொல்லிடறேன். நீ வரவேணாம். துப்புவாங்க, சீடர்கள் வம்சப் பலகையிலேருந்து என் பேரைச் செதுக்கி எடுப்பாங்க. எடுக்கட்டும். லுவான் அண்ணன் அடிச்சாலும் அடிப்பாரு, இந்த வயசுல அவரு அடிச்சு எனக்கு எவ்வளவு வலிச்சிடப் போவுது.

கிளம்பு, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு. பாப்பா, வா, கோட்டு போட்டுக்கலாம். இல்லம்மா, அப்படி இல்ல, நல்ல கையை முதல்ல விட்டா இந்தக் கையை வளைச்சு இழுக்க வேண்டி வரும். முடியாத கையை முதல்ல நுழைச்சுட்டு, அப்புறம்தான் மத்தது. குடு, நான் மாட்டி விடறேன். அவருக்கு இருபத்தெட்டு வருஷம் நான்தானே மாட்டி விட்டேன்.