நாலாவது மடிப்பு

இந்தத் தேநீர் எனக்கு வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம். தவறாக நினைக்காதீர்கள். டம்ளர் விளிம்பில் யாருடையதோ உதட்டுத் தடம் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தெரியும். கழுவியவர் உள்பக்கத்தை மட்டும் கழுவியிருக்கிறார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் கழுவுகிறார்கள்.

நீங்கள் கேட்டது இரண்டே கேள்வி. தீவில் என் கணவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் ஏன் உடனே அந்த அவசரப் புகைக்குப்பியை இழுத்து ஆள் கூப்பிடவில்லை? அவரைச் சுற்றியிருந்த விரிப்பில் ஒட்டியிருந்த பட்டையில் ஏன் பதினொரு மணி என்று எழுதியிருக்கிறது? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில், கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில். அறுவை முடிந்து கத்தியும் இடுக்கியும் எங்களிடம் வரும்போது எப்படி இருக்கும் என்று சொல்லி உங்கள் மதியச் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன். கழுவிக் காயவைத்து, துணியில் பொதிந்து, நீராவியில் வைப்போம். பொதிவதற்கு நாலு மடிப்பு. முதலில் கீழ்முனை, பிறகு இடது, பிறகு வலது, கடைசியாக மேல்முனை. அதன் மேல் பசை தடவிய காகிதப் பட்டை ஒட்டி, கட்டிய நேரத்தையும் கட்டியவரின் முதலெழுத்தையும் எழுத வேண்டும். ஒட்டிய பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் எல்லாம் முதலிலிருந்து. இருபத்திரண்டு வருஷத்தில் என் எழுத்துப் போட்ட ஒரு பொட்டலம்கூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரை எல்லாருக்கும் பிடிக்கும். எங்கள் தெருவில் விசாரித்தால் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் யாரும் அவரோடு ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்டதில்லை. விரலை நக்கித்தான் பக்கம் புரட்டுவார். தண்ணீர்ப் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, மூடாமல் குளிர்பெட்டியில் வைப்பார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார், ஒன்று தெறித்து எங்கே போனது என்று நான்தான் தேட வேண்டும். என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பார். ஒரு தடவை நான் பாதி கடித்து வைத்த ஆப்பிளை எடுத்துத் தின்றுவிட்டு, "உன் எச்சில்தானே" என்று சிரித்தார், ஏதோ எனக்குப் பெரிய மரியாதை செய்துவிட்ட மாதிரி. பத்தொன்பது வருஷம் கையில் துணியோடு அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் எனக்கு வைத்திருந்த பெயர் ஆபரேஷன் தியேட்டர்.

தீவுக்குப் போவது அவருடைய யோசனை. மகள் கல்லூரி விடுதிக்குப் போன வாரம் அது. "பினாயில் வாசனை இல்லாத இடத்துல அஞ்சு நாள் இருந்துட்டு வருவோம்டி. மணலு, தண்ணி, வானம், வேற ஒண்ணும் கிடையாது. உனக்கும் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்" என்றார். மகளும் தொலைபேசியில், "போயிட்டு வாம்மா, அப்பாவைக் கொஞ்சம் நிம்மதியா இருக்க விடு" என்றாள். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கிளம்பினேன்.

நீங்கள் அந்தத் தீவைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் கடல், பின்னால் சேற்று நாற்றம் அடிக்கும் உப்பங்கழி, நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, இறங்க ஒரு பலகைகூட இல்லை. படகுக்காரர் முழங்கால் தண்ணீரில் எங்களை இறக்கிவிட்டு இழுத்தால் ஆரஞ்சு நிறப் புகை கிளம்பும் குப்பி ஒன்றைக் கொடுத்தார். "யாருக்காவது ஏதாவதுன்னா பகல்ல இதை இழுத்து விடுங்கம்மா. கரையிலேர்ந்தே தெரியும், ஒரு மணி நேரத்துல வந்து நிப்பேன். இல்லேன்னா ஆறாம் நாள் காலையில வர்றேன்" என்றார். மணல்மேட்டுக்குப் பின்னால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், குளோரின் மாத்திரை போடாமல் குடிக்காதீர்கள், வெளிக்குப் போவதென்றால் ஊற்றிலிருந்து இருநூறு தப்படி தள்ளிப் போய்க் குழி வெட்டுங்கள் என்றும் சொன்னார். பொறுப்பான மனிதர். நகம் மட்டும் அழுக்கு.

நான் இருநூறு தப்படி எண்ணி நடந்தேன். என் கணவர் முப்பதுகூட நடக்கவில்லை. அவர் போன மேட்டில் ஏற்கெனவே பலர் போயிருந்தார்கள். மணலுக்கு வெளியே காகிதம் எட்டிப் பார்த்தது, ஈ மொய்த்தது. அதற்கு நேர் கீழே, பள்ளமாக இருக்கிறது, சீக்கிரம் ஊறும் என்று அவரே ஊற்றும் தோண்டினார். நான் காகிதத்தைக் காட்டினேன். "மணல் வடிகட்டும்டி" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

எங்களிடம் இரண்டு கேன் இருந்தன. அவர் வாய் வைத்துக் குடிப்பதால் வெள்ளைக் கேன் அவருக்கு, நீலக் கேன் எனக்கு. மாத்திரை போடுவது என் வேலை. முதல் நாள் சாயங்காலம், "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். நீலக் கேனில் போட்டிருந்தேன். எந்தக் கேன் என்று அவர் கேட்கவில்லை.

விஷம் வைத்ததாக எழுத வேண்டாம், மேடம். நான் எதையும் சேர்க்கவில்லை. வெள்ளைக் கேனில் இருந்தது முழுக்க அவர் பார்த்துத் தோண்டின தண்ணீர். அவர் பின்னால் துடைத்துக்கொண்டே போவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். என் வேலையே அதுதானே.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆரம்பித்தது. முதலில் மேட்டுக்கு ஓடினார். பிறகு மேடு வரை போக முடியவில்லை. பிறகு கூடாரத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. கூடாரம் என்பது இரண்டு பேர் படுக்கிற துணிப்பை, மேடம். வெயிலில் அதற்குள் என்ன நாற்றம் அடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் கையுறை போட்டுக்கொண்டு துடைத்தேன், தோண்டிப் புதைத்தேன், உப்பங்கழியில் அலசினேன். அலசி முடித்துத் திரும்பினால் மறுபடி. "மன்னிச்சுக்கோ, ஆபரேஷன் தியேட்டர். உனக்கு லீவு நாள்லயும் வேலை வெச்சுட்டேன்" என்றார். அந்த நிலையிலும் விளையாட்டு.

மூன்றாம் நாள் காலையில் அவர் விளையாடவில்லை. கண் உள்ளே போயிருந்தது. "அந்தக் குப்பியை இழுத்து விடேன்" என்றார்.

"இந்தக் கோலத்துலயா?" என்றேன். "நாலு பேர் வந்து பார்க்கிற மாதிரியா இருக்கு? முதல்ல சுத்தம் பண்ணிடறேன்."

"அவங்க பார்த்தா பார்க்கட்டும்டி."

"உங்களுக்கு எதுலதான் வெட்கம் இருந்துச்சு?" என்றேன்.

உங்கள் முதல் கேள்விக்கு அதுதான் பதில். குப்பியை இழுக்கக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. சுத்தம் செய்துவிட்டு இழுக்கலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை அவர்தான் அதைக் கெடுத்தார். வீடு அந்த நிலையில் இருக்கும்போது நீங்கள் வெளியாளைக் கூப்பிடுவீர்களா? அவர் தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். வெள்ளைக் கேனிலிருந்துதான் கொடுத்தேன். நீலம் என்னுடையது.

என் பையில் உப்பு சர்க்கரைப் பொட்டலம் பன்னிரண்டு இருந்ததே, பிரிக்கவே இல்லையே என்று உங்கள் ஏட்டையா கேட்டார். உள்ளே கொடுத்தால் வெளியே வரும். அதனால் பிரிக்கவில்லை. நாலாம் நாள் விடிந்ததும் வெறும் தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்தினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒன்பது மணிக்குள் எல்லாம் நின்றுவிட்டது. இது முன்னாலேயே தோன்றவில்லையே என்றிருந்தது.

பிறகு நிதானமாக வேலை பார்த்தேன். கூடாரத்தைப் பிரித்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். அவரைச் சுத்தமான மணலுக்கு இழுத்து வந்து தலையிலிருந்து கால் வரை தேய்த்துவிட்டேன். நகம் வெட்டினேன். காதுக்குப் பின்னால் துடைத்தேன். கனமே இல்லை, தோலைக் கிள்ளினால் கிள்ளின இடத்திலேயே நின்றது. எதிர்ப்பே காட்டவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படி அடங்கி உட்கார்ந்ததில்லை. வேறு மாற்றுத்துணி மிச்சமில்லாததால், நான் எனக்கென்று மூடி எடுத்துப் போயிருந்த வெள்ளை விரிப்பைக் குறுக்காக விரித்து அவரை நடுவில் படுக்கவைத்தேன்.

கீழ்முனையைக் காலுக்கு மேல் கொண்டு வந்தேன். இடது பக்கம், பிறகு வலது. "போர்த்தி விடறியா?" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "இப்ப சுத்தமாயிட்டேனா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றேன்.

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். நாலாவது முனையை முகத்துக்கு மேல் கொண்டு வந்து, எப்போதும் என் பையில் இருக்கும் பட்டையை மார்பில் ஒட்டி, நேரம் எழுதி, என் முதலெழுத்தைப் போட்டேன். என் கடிகாரம் ஆஸ்பத்திரிக் கடிகாரத்தோடு சேர்த்து வைத்தது, தப்பாகக் காட்டாது. மணி பதினொன்று.

உயிர் போனது கிட்டத்தட்ட மூன்று மணிக்கு என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். சரியாகத்தான் இருக்கும். அவருடைய தொழிலில் நான் தலையிட மாட்டேன். பட்டையில் எழுதுவது பொட்டலம் கட்டிய நேரத்தை, மேடம். மற்றது எங்கள் கணக்கில் வராது. இடையில் அவர் ஏதாவது பேசினாரா என்றால், பேசினார். தண்ணீர் என்றார். மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். துணி வாய்ப் பக்கம் உள்ளே போய்ப் போய் வந்தது. ஆனால் ஒட்டியாகிவிட்டதே. பிரித்தால் எல்லாம் முதலிலிருந்து.

மூன்றேகாலுக்குக் குப்பியை இழுத்தேன். படகுக்காரர் சொன்ன மாதிரியே ஒரு மணி நேரத்தில் வந்தார். காய்கிற கூடாரம், வரிசையாகக் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், கூட்டிவிட்ட மணல் எல்லாவற்றையும் பார்த்து, "ஆள் இருந்த இடம் மாதிரியே இல்லையேம்மா" என்றார். பிறகுதான் விரிப்பைப் பார்த்தார்.

ஆமாம், நான்தான் செய்தேன். தண்ணீரும் நான்தான், நாலு மடிப்பும் நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். பேனாவை மட்டும் ஒரு தடவை துடைத்துக் கொடுங்கள்.

வெளியே என் மகள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். உனக்கு அப்பா மேல் அன்பே கிடையாது என்று நேற்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவளிடம் இதை மட்டும் சொல்லுங்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை நான் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை அவர் என் கையை அழுத்தினார், நானும் திருப்பி அழுத்தினேன். கையுறைகூடப் போடவில்லை. துணிக்கு மேலாகத்தான் பிடித்திருந்தேன், அதனால் தேவைப்படவில்லை.