சேற்றில் காற்று இறக்கியவர்

"எவனாவது சேத்துல போற வண்டிக்கு நாலு சக்கரத்துலயும் காத்த எறக்கி உடுவானா பாவா?"

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் தன் அக்காள் புருஷனிடம் இப்படிக் கேட்டார். கேட்டவரின் மடியில் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு இருந்தது. இரண்டு நாள் புயல் மழை ஓய்ந்து, வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"சவுதில பாலைவனத்துல அப்பிடித்தான் மச்சான் ஓட்டுவோம். காத்து கொறஞ்சா டயர் அகலமாயி, மேலயே மெதந்துகினு போவும்."

"அது மணலு. நம்ம ஏரிக்கர ரோடு களிமண்ணு. குட்டியானை வண்டி அச்சு வரைக்கும் பூந்துகினு நிக்கிது. பின்னால தறிக்கு வாங்கின நூல் மூட்ட மொத்தமும் நனையுது. நூலு இல்லாம நாலு நாளா தறி ஓடலன்னு அக்கா எனக்குப் போன் மேல போன் போடுது."

"நூல் மேல தார்ப்பாய் போட்டுத்தான எடுத்தாந்தேன்?"

"ஆங், போட்டீங்க. அப்பறம் அத உருவி சக்கரத்துக்கு அடியில போட்டது யாரு?"

"அதுவும் அங்க செய்யறதுதான்."

மச்சான் பம்பை ஒரு முறை 'டங்'கென்று தரையில் வைத்தார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு வருஷம் ஓட்டினேன். ஒரு வாட்டி கூட மாட்டினது இல்ல," என்றார் பாவா.

"சரி, அங்க இந்த மாதிரி மழ பேஞ்சா என்னா பண்ணுவீங்க?"

தூறல் உள்ளே அடிக்க, பாவா ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்.

"மழ பேஞ்சா எவனும் வண்டி எடுக்கக் கூடாதுன்னு மொதலாளி சாவிய வாங்கி வச்சிக்குவாரு."