ஒருமுறை விழுந்த ஹெல்மெட்

ஹெல்மெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். விரலால் தட்டிப் பார்ப்பார்கள், கண்ணாடியை ஏற்றி இறக்குவார்கள். உள்துணியை விலக்கித் தெர்மோகோலை அழுத்திப் பார்க்கிற ஒருவரை இந்தப் பதினோரு வருடத்தில் நான் கண்டதில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்ன நீங்களும் உங்கள் ஹெல்மெட்டை ஸ்டேஷன் தரையில் போட்டுத்தான் வைத்திருக்கிறீர்கள் சார்.

என் பெயர் கோகுல்நாத். வாளையாருக்குப் பக்கத்தில் ஒரு ஹெல்மெட் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்களிடம் உலோகத்தால் ஆன தலை ஒன்று உண்டு. அதற்கு ஹெல்மெட்டை மாட்டி, ஒன்றரை ஆள் உயரத்திலிருந்து இரும்புப் பாளத்தின் மேல் விழவிடுவோம். எவ்வளவு அதிர்ந்தது என்று தலைக்குள் இருக்கும் கருவி எண்ணில் சொல்லிவிடும். வெளி ஓடு உடையாமல் இருப்பது பெரிய விஷயமில்லை. உள்ளே தெர்மோகோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். நசுங்கினது மறுபடி எழும்பாது. ஒரு ஹெல்மெட் ஓர் அடிக்குத்தான்.

என் அண்ணன் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் செத்தான். வாளையார் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், லாரிக்குப் பின்னால் போய் மோதினான். ரத்தமே இல்லை. "தலையில போட்டுட்டுத்தானே சாமி போனான்" என்று அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் அழவில்லை. மூன்றாம் நாள் அவன் ஹெல்மெட்டைக் கூடத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தேன். தெர்மோகோலில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்று பழையது. முந்தின வருடம் டிராக்டர் மேலிருந்து விழுந்த ஹெல்மெட் அது.

ஒருமுறை விழுந்த ஹெல்மெட் அடுத்த முறை விழும்போது எவ்வளவு காப்பாற்றும்? உலோகத் தலையிடம் கேட்டால் எண் கிடைக்கும். ஆனால் அந்தத் தலைக்கு மயக்கம் வராது, பெயர் மறக்காது. உயிருள்ள தலைதான் சொல்ல வேண்டும். யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும்.

பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு இலவச ஹெல்மெட் கொடுக்கும் திட்டம் எங்கள் கூடத்துக்கு வந்தது. பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் நாற்பது பேர். இருபது புதிய ஹெல்மெட்டுகளுக்கு இரட்டைப்படை எண்கள் கொடுத்தேன். மீதி இருபது எங்கள் கூடத்தில் ஏற்கெனவே விழுந்து நசுங்கியவை. வெளி ஓட்டை மெருகேற்றி, புதுத் துணி வைத்து, ஒற்றைப்படை எண்கள் எழுதினேன். எண் உள்ளே, வார் தொடங்குகிற இடத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.

அந்த எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண் ஜிபி என்னிடம் உதவியாளராக இருந்தாள். கெட்டிக்காரி. அவள் அப்பா சுவக்கீன் தேயிலை ஃபேக்டரிக்குப் பைக்கில் போய் வருபவர். "அப்பாவுக்கு நல்லதாப் பாத்துக் குடுங்க சார்" என்றாள். சுவக்கீனுக்குப் பன்னிரண்டாம் எண்ணைக் கொடுத்தேன். தெரிந்தவர்களுக்குக்கூட நல்லது செய்யாத கல்நெஞ்சன் இல்லை நான்.

ஜனவரியில் செபஸ்தியார் திருநாள் வந்தது. புது வண்டி, புதுச் சாமான் எதுவானாலும் சாமியார் மந்திரித்த பிறகுதான் அங்கே புழங்குவார்கள். நாற்பது ஹெல்மெட்டையும் கோயில் படியில் குவித்தார்கள். எல்லாம் ஒரே சிவப்பு. தீர்த்தம் தெளித்து முடிந்ததும் ஆளுக்கொன்று கையில் வந்ததை எடுத்துக்கொண்டார்கள். ஜிபியிடம் கேட்டேன், அவரவர் ஹெல்மெட்டைப் பார்த்து எடுக்க வேண்டாமா என்று.

"மந்திரிச்ச பிறகு எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சிரித்தாள்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. ஆராய்ச்சியில் யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பாசத்தால் செய்திருந்த பிழையைத் திருநாள் திருத்திவிட்டது. அதனால் பேசாமல் இருந்தேன்.

ஏப்ரலில் பாண்டீஸ்வரன் பைக்கிலிருந்து விழுந்தார். எஸ்டேட்டின் கொழுந்து லாரி ஓட்டுபவர். தலையில் ஒன்பதாம் எண். அன்று மாலையே போய்விட்டார். மே மாதம் இன்னொருவர் விழுந்தார், எண் முப்பது. எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். மீதி ஹெல்மெட்டுகளை அப்போதே திரும்ப வாங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். இரண்டு பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது சார்.

ஜூன் மழையில் சுவக்கீன் வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழுக்கி விழுந்தார். வேகம்கூட இல்லை. ஓட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். பத்து நாள் கழித்துக் கண் விழித்தார். ஜிபியைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா?" என்று கேட்டாராம். இன்றைக்கும் தினமும் அதையே கேட்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டேன்.

ஹெல்மெட்டை ஜிபிதான் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே துணியை உரித்தாள், பள்ளங்களை அளந்தாள், பதிவேட்டில் எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதுல ரெண்டு பள்ளம் இருக்கு சார். அப்பா ஒரு தடவதான விழுந்தாவ?"

பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அளவுகளைச் சரியாக எழுதியிருக்கிறாள், நானும் பார்த்தேன்.

திருநாளில் ஹெல்மெட்டுகள் மாறியதை நான் தடுத்திருக்க முடியாது, யார் எதை எடுத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அது உண்மையில்லை. சுவக்கீனுக்கு, ஃபேக்டரிக்கு வரும் முன் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டி வெட்டி, விரல் மடங்காது. கோயில் வாசலில் என்னிடம் வந்து, "இந்த வாரைக் கொஞ்சம் மாட்டி விடுங்க சார்" என்று தாடையைத் தூக்கிக் காட்டினார். காதுக்குப் பக்கத்தில் எண் தெரிந்தது. ஏழு. நான்தான் மாட்டிவிட்டேன், இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன். வார் தளர்ந்திருந்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் அல்லவா.