கோஹெய் வழுக்கும் நேரம்

கடலைப் பார்த்துக் கட்டிய இந்த மண்டபத்தில், கடலைப் போலவே அகலமான நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்த்தலைவர் அவர்களே! உலகத்தின் துயரங்களையெல்லாம் ஒரு தோல்பையில் அடைத்துக்கொண்டு, நாடு நாடாகச் சென்று வரும் இயக்குநர் சாயெகுசா ஐயா அவர்களே! முடிவெட்டும் கத்தரியைக் கீழே வைத்த கையோடு கோலெடுத்து, எங்களுக்கு இசை சொல்லிக்கொடுத்த ஓனோதெரா டீச்சர் அவர்களே! விடியலில் வலை இழுத்துவிட்டு, விழாவுக்காகத் தூக்கத்தை ஒத்திவைத்திருக்கும் பெரியோர்களே! எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மீன் ஆலையின் மணத்தோடு மகராசியாக வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு வேலை பார்க்கும் அக்காமார்களே! நான் எப்போது முடிப்பேன் என்று முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் இசைக்கூடத்துப் பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

என் பெயர் மினோரி. இந்த இசைக்கூடத்தில் நான் வாசித்தது முக்கோணக் கம்பி. ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு தட்டு. அதுவும் டீச்சர் கண்ணைக் காட்டினால்தான். அப்படிப்பட்டவளை மேடையேற்றி "நாலு வார்த்தை பேசு" என்றால் எப்படி? 

பின்னாலிருந்து "சத்தமாப் பேசும்மா" என்கிறீர்கள். சரி, பேசுகிறேன்.

இன்று இங்கே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. இயக்குநர் ஐயா நம் இசைக்கூடத்தைப் பற்றி எடுத்த படம் வெளிநாட்டில் விருது வாங்கியதற்குப் பாராட்டு, ஒன்று. நம் ஊரில் தினமும் மாலை ஐந்து மணிக்குக் கம்பத்து ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் பிள்ளைகளின் இசையை அழித்துவிட்டு, அந்தப் படத்தின் இசையைப் போட உங்களிடம் ஒப்புதல் வாங்குவது, மற்றொன்று. முதலாவதற்கு நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். இரண்டாவது வேண்டாம் என்று சொல்லத்தான் நான் வந்தேன்.

அந்த ஐந்து மணி இசை எது? ஓனோதெரா டீச்சர் கோலசைக்க நாங்கள் வாசித்துப் பதிவு செய்தது. அதில் மூன்றாவது அடியில், ட்ரம்பெட் வாசித்த கோஹெய்க்கு மூச்சு தவறியது. சுரம் வழுக்கிப் பறவை மாதிரி ஒரு கத்து கத்தியது. "இன்னொரு தரம் வாசிக்கலாம் டீச்சர்" என்று கெஞ்சினோம். டீச்சர் என்ன சொன்னார்?

"ஊருக்கு மணி அஞ்சுன்னு தெரியணும், அவ்ளோதானே? இதுலயே தெரியுது. மூட்டையக் கட்டுங்க."

அன்றிலிருந்து இந்த இசோகாவாவில் எந்தத் தாயாவது பிள்ளையிடம் "ஐந்து மணிக்குள் வா" என்று சொன்னதுண்டா? "கோஹெய் வழுக்குறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரு" என்றுதானே சொல்கிறோம்? படகில் திரும்பும் அண்ணன்மார் அந்த வழுக்கலைச் சேர்ந்து கத்திவிட்டுத்தானே கரையேறுகிறார்கள்? சிரிக்கிறீர்கள். தெரிந்தவர்கள்தான் சிரிக்க முடியும்.

இனி இயக்குநர் ஐயாவின் வருகைக்கு வருகிறேன்.

சற்று முன் இதே மேடையில் தன் பயணங்களைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினார்! பனிமலை ஏறினாராம், அங்கே ஒரு பிள்ளை குழல் ஊதியதாம். பாலைவனம் கடந்தாராம், அங்கே ஒரு பிள்ளை தந்தி மீட்டியதாம். எந்த நாட்டுக்குப் போனாலும், எந்த மொழிக்குப் போனாலும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்களாம்: "இசை என்னைக் காப்பாற்றியது." என்ன அதிசயம்! மலை வேறு, மண் வேறு, மொழி வேறு, வாக்கியம் மட்டும் ஒன்று! அந்த அதிசயம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னிடமும் நடந்தது.

"நீ ஸ்கூல விட்டவதானே? ஏன் விட்ட?" என்று கேட்டார்.

"படிப்பு ஏறலைங்க. மீன் ஆலையில வேலை கெடச்சுது."

"அப்பா குடிப்பாரா?"

"குடிச்சா தூங்கிருவாருங்க."

அப்பா, எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டாம். உட்காருங்கள்.

ஐயா பெருமூச்சு விட்டார். "சரி, கேமராவப் பாத்து இசை என்னைக் காப்பாத்துச்சுன்னு சொல்லு."

"எதுலேர்ந்துங்க?"

"எதுலேர்ந்தாவது!"

பிறகு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "உங்கள்ல ரொம்பக் கஷ்டப்படுற குழந்தை யாரு?" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் சின்ன மத்தளம் வாசிக்கும் ரின் கையைத் தூக்கினாள். "எங்க வீட்டு நாய் செத்துப்போச்சு. அது ஆகுமா?"

"எப்போ?"

"போன வருஷம்."

"கொஞ்சம் பழசுதான்," என்று ஐயா யோசித்தார். "சரி, இந்தப் பக்கம் நில்லு."

பளபளக்கும் கருவிகள் அவர் கண்ணை உறுத்தின. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மங்க வைக்கலாமா என்றார். டீச்சர் சும்மா இருப்பாரா? "புள்ளைங்க வாரா வாரம் தொடைச்சு மினுக்குனது சார் இது. சோகமா வேணும்னா உங்க கண்ணாடியத் தேய்ச்சுக்குங்க."

எல்லா ஊர்ப் படத்திலும் ஜன்னலில் மழை வழிகிறதாம். இங்கும் வழிய வேண்டுமாம். வானமோ வெளுத்துக் கிடக்கிறது. விட்டோமா நாம்? நம் ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர் தொகாஷி அண்ணன் குழாயோடு கூரையேறினார். "மழை போதுமா சார்? இன்னும் கொஞ்சம் சோகம் ஏத்தவா?" என்று மேலிருந்து கூவினார். சோகம் ஏறியதோ இல்லையோ, பக்கத்து வீட்டில் காயப்போட்ட கணவாய் மீனெல்லாம் மறுபடி கடலுக்குப் போன மாதிரி ஆயிற்று. அந்த வீட்டு அக்கா இன்னும் அண்ணனோடு பேசுவதில்லை. அதோ, தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த மழையில், பிள்ளைகள் வாசிக்க வாசிக்க, படத்தின் உச்சக்கட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. அப்போது மணி ஐந்தாயிற்று. கம்பத்தில் இசை எழுந்தது. மூன்றாவது அடியில் கோஹெய் வழுக்கினான். நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? இசோகாவாப் பிள்ளைகள் எதைச் செய்வார்களோ அதைச் செய்தார்கள். பாட்டின் நடுவே கருவிகளை இறக்கினார்கள், உறையில் போட்டார்கள், குனிந்து வணங்கினார்கள், செருப்பை மாட்டினார்கள்.

"நிறுத்துங்க! யாரு உங்களப் போகச் சொன்னது?" என்று ஐயா அலறினார்.

ரின் சொன்னாள்: "கோஹெய் அண்ணன் வழுக்கிட்டாருங்க. வீட்டுக்குப் போகணும்."

"யாரு கோஹெய்?"

"ட்ரம்பெட் அண்ணன்."

"எங்க இருக்கான்?"

"நகோயாவுல."

ஐயா வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தொகாஷி அண்ணனைப் பார்த்தார். யாரும் விளக்கவில்லை. இதில் விளக்க என்ன இருக்கிறது?

மறுநாள் படப்பிடிப்பு தடைபடக் கூடாதென்று, கலையின் பெயரால் ஐந்து மணி இசை நிறுத்தப்பட்டது. அன்று ஊர் என்ன ஆயிற்று என்று நினைவிருக்கிறதா? சதுரங்கம் ஆடிய தாத்தாக்கள் எழுந்திருக்கவில்லை. குளியல் விடுதியில் அடுப்பு மூட்டவில்லை. துறைமுகத்தில் விளையாடிய குட்டிகளைத் தேடித் தாய்மார்கள் தெருத்தெருவாக ஓடினீர்கள். இசைக்கூடத்திலோ பிள்ளைகள் வாசித்தார்கள், வாசித்தார்கள், வாசித்துக்கொண்டே இருந்தார்கள். முகம் வாடியது, கண் சொருகியது. "இதுதான்! இந்த ஏக்கம்தான் எனக்கு வேணும்!" என்று ஐயா துள்ளினார். விருதுக் குழுவினர் கண்கலங்கிய காட்சி அது. அவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்த ஏக்கம் சோற்றுக்கு.

அந்த நேரத்தில்தான் குவபாரா அம்மா உள்ளே வந்தார். கோஹெய்யின் தாயார். ஆலையில் என் எதிர்ப்பக்கம் நின்று மீன் முள் எடுப்பவர். அன்று ஆலைக்கு விடுமுறை; இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு, சமையலறைச் செருப்போடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எம் பையன் ஏன் இன்னைக்கு வாசிக்கல? அவனுக்கு என்ன ஆச்சு?"

ஐயாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. கேமரா திரும்பியது. தாழ்ந்த குரலில் கேட்டார்: "அம்மா... உங்க பையன் எப்போ தவறினான்?"

"தவறுறதா? நகோயாவுல கார் கம்பெனியில இரும்பு பத்தவைக்கிறான்யா! வாயக் கழுவு!"

விளக்கு அணைந்தது. ஆனால் கேமரா அணையவில்லை. படத்தில் என்ன வருகிறது? குவபாரா அம்மா ஜன்னலோரம் நிற்கிறார். தொகாஷி அண்ணனின் மழை பெய்கிறது. "கடல் கொண்டுபோன மகனுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள்" என்று ஒரு குரல் உருகுகிறது. கோஹெய்யைக் கொன்றுவிட்டார்கள், நண்பர்களே! கொன்றதற்கு விருதும் கொடுத்துவிட்டார்கள்!

நகோயாவில் அவன் கூட்டாளிகள் படம் பார்த்துவிட்டு அவன் அறைக்கு மலர்வளையத்தோடு போனார்களாம். அன்றுதான், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கோஹெய் வீட்டுக்குப் போன் செய்தான்.

"அம்மா, நான் செத்துட்டேனாமே?"

"செத்த பெறகாவது பேசணும்னு தோணுச்சே, மகராசா. சாப்டியா?"

இயக்குநர் ஐயா! நன்றி சொல்லத்தானே என்னை அழைத்தார்கள்? அந்த ஒரு போனுக்காக உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. இது கேலி இல்லை.

ஆனால் அதன்பின் அவன் மறுபடி பேசவில்லை. வேலை, அசதி, வயசு. ஆலையில் நான் அம்மாவிடம் கேட்டேன், வருத்தமாக இல்லையா என்று. கையிலிருந்த மீனை விட்டு நிமிராமலே சொன்னார்: "போன் பண்ணாட்டிப் போறான் மினோரி. தெனம் அஞ்சு மணிக்குத் தப்பா வாசிச்சுட்டுத்தானே இருக்கான். அது போதும்."

அது போதும் என்றார். இன்று நாம் எடுக்கப் போவது அதைத்தான்.

"மினோரி, நேரமாகுதும்மா" என்கிறார் தலைவர். இதோ முடிக்கிறேன் ஐயா. "வெளியூர்க்காரங்க பஸ் பஸ்ஸா வரப்போறாங்க. நம்ம ஊரு தப்பா ஒலிச்சா நல்லாவா இருக்கும்?" என்றும் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நானும் கேட்கிறேன். படத்தின் இசையைப் பெரிய நகரத்துப் பெரிய குழு வாசித்திருக்கிறது. வழுக்கல் இல்லை, பிசிறு இல்லை, பிழையே இல்லை. ஆனால் வாசித்தவர்களில் ஒருவருக்காவது நம் தெருவின் பெயர் தெரியுமா? அதைக் கேட்டு எந்தப் பிள்ளை செருப்பை மாட்டும்? எந்தப் படகு சேர்ந்து கத்தும்? எந்தத் தாய் ஜன்னலைத் திறப்பாள்? அந்த இசையில் தப்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்புச் செய்ய நம்மவர் ஒருவர்கூட அதில் இல்லையே!

உலகம் முழுக்கப் பிள்ளைகளின் இசையைத் தேடிப் போகிறவருக்கு மாலை போடுவோம், மதிப்போம், விருந்து வைப்போம். அதற்காக நம் பிள்ளைகளின் இசையை நாமே அழிக்க வேண்டுமா? குவபாரா அம்மா இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார். மூன்றாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஊரே மகிழ்ந்திருக்கும்போது குறுக்கே நிற்க அவருக்குக் கூச்சம். எனக்கும்தான் கூச்சம். ஆனால் ஆலையில் ஐந்து மணிக்கு அவர் முகத்தை எதிரே நின்று பார்க்கிறவள் நான்.

இப்போது நம் ஊர்க் கூட்டங்களின் வழக்கப்படி தலைவர் எழுந்து, "ஆட்சேபணை இல்லைன்னா கைதட்டுங்க" என்பார். நாம் எதற்குத்தான் கைதட்டவில்லை? மரியாதைக்குத் தட்டுகிறோம், பழக்கத்துக்குத் தட்டுகிறோம், பக்கத்து ஆள் தட்டினால் தட்டுகிறோம். தட்டாமல் இருப்பது அநாகரிகம் என்று நினைக்கும் ஊர் இது. ஆகவே அன்புக்குரியவர்களே, உங்களிடம் ஓர் அநாகரிகத்தை வேண்டுகிறேன். தட்டாதீர்கள். இந்தப் பேச்சு பிடித்திருந்தாலும் தட்டாதீர்கள். எனக்காகத் தட்டியதையும் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார்கள். பேச்சாளர்கள் எல்லோரும் கைதட்டலுக்கு ஏங்குவார்கள். நான் ஒருத்தி அது வரக்கூடாதே என்று ஏங்கி நிற்கிறேன்.

தலைவர் ஐயா, இப்போது உங்கள் கேள்வியை நீங்கள் கேட்கலாம். நான் ஒலிவாங்கியை விட்டு நகரவில்லை, மன்னிக்கவும்.

"சரி... அப்ப, ஆட்சேபணை இல்லைன்னா, எல்லாரும் கைதட்டுங்க."

ஒரு தட்டு. தொகாஷி அண்ணே, அது பழக்கதோஷம் என்று எனக்குத் தெரியும். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ஆம், அப்படித்தான்.

"தட்டுங்கப்பா... சத்தம் வரலையே?"

வரவில்லை ஐயா. இசோகாவா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறது. மீனவர் கை, ஆலைக் கை, பிள்ளைகளின் கை எல்லாம் சும்மா இருக்கின்றன. குவபாரா அம்மா மட்டும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். சாயெகுசா ஐயா, தயவுசெய்து கேமராவை எடுக்காதீர்கள். இது எங்களுக்குள் இருக்கட்டும்.

இவ்வளவு அழகாகச் சும்மா இருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும், தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், கேள்வியை நேர்மையாகக் கேட்டுவிட்டுத் தோற்று நிற்கும் தலைவருக்கும் என் நன்றி. எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.