லீஸியைக் கூடையில் வைத்த மத்தியானம்

குவான்: பிடரியைப் பிடிச்சுத் தூக்காதே, ஷுஜென். இந்த நாய் ஜாதிக்குக் கண்ணு எப்படிப் பிதுங்கி நிக்குது பாரு... தோலை இழுத்தா கண்ணே வெளிய வந்துடும். நெஞ்சுக்கடியில ஒரு கை குடு.

ஷுஜென்: அம்மாடி, என்னக்கா இந்தக் கனம் கனக்குது.

குவான்: பாத்தா பஞ்சு, தூக்கினா கல்லு. உன் புருஷனுக்கு நேர் எதிர்.

ஷுஜென்: அவரை ஏன் இழுக்கறீங்க... கூடையில வெச்சிடட்டுமா?

குவான்: என்ன அவசரம்? இவளை உங்க அண்ணன் ஊருக்குக் கொண்டுபோகச் சாயங்காலம்தானே வண்டின்னு சொன்ன.

ஷுஜென்: வண்டி சாயங்காலம்தான். ஆனா சிவப்புக் கைப்பட்டை கட்டின புரட்சிப் பிள்ளைங்க அதுக்குள்ள வந்துட்டாங்கன்னா...

குவான்: வரட்டும். செத்துப்போன என் வீட்டுக்காரர் விட்டுட்டுப்போன கடிகாரத்தையெல்லாம் போன வாரமே முற்றத்துல போட்டு உடைச்சிட்டாங்க. இன்னும் என்ன மிச்சம்?

ஷுஜென்: இதுதான் மிச்சம். அரண்மனையில வளர்ந்த ஜாதியாம், பணக்காரங்க பொம்மையாம். பீக்கிங்ல ஒரு வீட்டுலயும் விடக்கூடாதுன்னு நேத்து ஒலிபெருக்கில சொன்னாங்களே, நீங்க கேக்கலையா?

குவான்: கேட்டேன். லீஸியும் கேட்டா. குறட்டை விட்டுக்கிட்டே... தட்டை மூக்கு இல்லையா, முழிச்சிருந்தாலும் குறட்டைதான். வெயில்ல மட்டும் நடக்க விடாதே. மூச்சு முட்டிடும்.

ஷுஜென்: விடமாட்டேன்.

குவான்: மூக்கு மேல மடிப்பு இருக்கு பாரு, தினம் ஈரத்துணியால துடைக்கணும். துடைச்சிட்டுக் காயவும் வைக்கணும், இல்லேன்னா புண்ணாயிடும். முடியை வயித்துப் பக்கத்துலேர்ந்து சீவு. முதுகு நீளம், கட்டில்லேர்ந்து குதிக்க விடக்கூடாது...

ஷுஜென்: அக்கா...

குவான்: அரிசிக் கஞ்சி போதும். கொஞ்சம் ஈரல் கிடைச்சா நல்லது. உப்பு வேண்டாம். கூப்பிட்டா வரமாட்டா, திமிர் ஜாஸ்தி. நீ கூப்பிடறத விட்டுட்டு வேற வேலை பாத்தா, தானா வந்து கால்மேல படுத்துப்பா.

ஷுஜென்: போதும்க்கா. நேரமாகுது.

குவான்: கூடைக் கயித்தை ஏன் திரும்பத் திரும்ப அவுத்துக் கட்டறே?

ஷுஜென்: ஆஸ்பத்திரில காலையிலேர்ந்து போர்வை பிழிஞ்ச கை. முடிச்சு எங்க நிக்குது?

குவான்: உங்க அண்ணன் வீட்டுல கோழி இருக்கா? இவ துரத்துவா.

ஷுஜென்: இருக்கு... நாலஞ்சு இருக்கும்.

குவான்: ஷுஜென், பஞ்ச வருஷத்துல உங்க அண்ணன் செத்துட்டான்னு சேதி வந்தப்போ, நீ என் மடியில படுத்துத்தான் அழுத. மறந்துட்டியா?

ஷுஜென்: நான் கிளம்பறேன்க்கா.

குவான்: சொல்லு. யார் சொன்னாங்க உன்கிட்ட, இப்படிச் செய்யணும்னு?

ஷுஜென்: நம்ம தெருக் கமிட்டியில கூப்பிட்டுச் சொன்னாங்க. இருட்டறதுக்குள்ள இவளை நானே முடிக்கணுமாம். இல்லேன்னா அவங்களே வந்து, இதே முற்றத்துல, உங்களை நிக்க வெச்சுத் தடியால... எங்க வார்டு டாக்டர் கால்ல விழுந்தேன்க்கா. ஒரு ஊசி தரேன்னிருக்கார். தூங்கற மாதிரி போயிடுமாம்.

குவான்: வலிக்காதே?

ஷுஜென்: வலிக்காதுன்னார்.

குவான்: அப்போ சரி.

ஷுஜென்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கஞ்சி குடு, முடி சீவுன்னு ஏன்க்கா என்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தீங்க?

குவான்: உனக்கா சொன்னேன்? நான் பேச்சை நிறுத்தினா இவ நடுங்க ஆரம்பிச்சுடுவா. கூடையை எடு... வாசல் வரைக்கும் பேசிக்கிட்டே வரேன்.